பேர் வெட்டியாச்சு

கண்டி வாவிக்கு மேலே, மேட்டில் இருக்கும் எங்கள் தேவாலயத்தில் ஒரு குழல் ஓர்கன் இருந்தது. வெள்ளைக்காரர் விட்டுப்போனவற்றில் அதுவும் ஒன்று. போகும்போது எடுத்துப் போயிருக்கலாமே என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. பலிபீடத்துக்குப் பக்கத்து இருட்டு மூலையில் நின்ற அதற்கு வாவியின் ஈரம் ஒத்துக்கொள்ளவில்லை. மழைக்காலத்தில் இருமும். வாசிப்பவர் கையை எடுத்த பிறகும் பெரிய குழல் ஒன்று தன்பாட்டில் முனகிக்கொண்டிருக்கும், துருத்தியில் மிஞ்சிய காற்று தீரும்வரை. பாடகர் குழுவில் நான் நின்ற இடத்துக்கு நேர் பின்னால்தான் அந்தக் குழல். என் குரல் எப்படி என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை.

அந்தத் துருத்திக்குக் காற்றடித்தவர் அழகமுத்து. ஓர்கனுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் திரும்பவே முடியாத இடுக்கு. அதில் நின்று ஒரு மரக் கைபிடியை ஏற்றி இறக்க வேண்டும். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டி, முழங்காலில் அடிபட்டு, மலை ஏற முடியாமல் நகரத்துக்கு வந்தவர். முருக பக்தர். நெற்றி நிறையத் திருநீறோடு வந்து கீதங்களுக்குக் காற்றடித்துவிட்டு, பிரசங்க நேரத்தில் கண்ணயர்வார். பிரசங்கத்தில் கண்ணயர்ந்தவர் அவர் ஒருவர்தான் என்று சொல்லமாட்டேன். தேவாலயத்துக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். மனைவி வேலாயியோடு அங்கே இருந்தார். வேலை இருக்கும்வரைதான் அறை.

வேலாயிக்கு அந்த முனகல் பிடிக்காது.

"அது ஆளு கேக்குது, டீச்சர்" என்பார்.

ஈரத்தில் வால்வு இறுகிவிடுகிறது, அவ்வளவுதான் என்று நான் விளக்கம் சொல்வேன். விளக்கம் சரிதான். ஆனாலும் தேவாலயத்தில் யாரும் இல்லாதபோது நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். எனக்குப் பயம்.

அறுபதுகளின் கடைசி அது. தோட்டத்து ஆட்களில் பெரும்பகுதியை இந்தியா எடுத்துக்கொள்வது, மீதியை இலங்கை வைத்துக்கொள்வது என்று இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்திருந்தன. பங்கு போடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. எந்த நாட்டுக்கு மனு எழுதுவது என்பதை மட்டும் அவரவர் தீர்மானிக்க வேண்டும். அதற்கும் கெடு வைத்திருந்தார்கள். அழகமுத்துவின் ஒரே மகள் இராஜேஸ்வரியைத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அவளுடைய புருஷன் வீட்டார் எல்லோரும் இந்தியாவுக்கு எழுதிவிட்டார்கள்.

"நீங்களும் இந்தியாவுக்கே எழுதுங்கப்பா. இல்லேன்னா கடலுக்கு அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் நீங்க. அப்புறம் யாரு யாரப் பாக்கிறது?" என்று அவள் வந்து அழுதாள். அழகமுத்து சரி என்று சொல்லிவிட்டார். வேலாயி அன்றே பெட்டியைத் தூசி தட்டி வைத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் குருவானவருக்கு ஓர்கன் மேல் ஆசை பிறந்தது. யாழ்ப்பாணத்தவர், நல்ல மனிதர். ஒருவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லத் தெரியாதவர். நல்லவர்களில் இந்த ரகத்துக்குத்தான் நான் இன்றைக்கும் அஞ்சுகிறேன். கொழும்பிலிருந்து ஒருவரை அழைத்துப் பெரிய வரைபடம் ஒன்று போடுவித்து, பாடகர் அறைச் சுவரில் மாட்டினார். ஓர்கனை மூலையிலிருந்து கழற்றி வாசலுக்கு மேலுள்ள மாடத்தில் ஏற்றுவது. குழல்களை இரண்டு கோபுரங்களாகப் பிரித்து, நடுவில் வண்ணக் கண்ணாடி யன்னலைத் திறந்துவிடுவது. காற்றுக்கு இங்கிலாந்திலிருந்து மின்சார மோட்டார். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

அழகமுத்துவும் வந்து பார்த்தார். வெகுநேரம் எதையோ தேடினார்.

"ஐயா, காத்தடிக்கிறவன் இதுல எங்க நிக்கிறது?"

குருவானவர் வரைபடத்தின் ஓரத்தை நீவி விட்டார்.

"நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, அழகமுத்து. உங்கட பேரைப் போடுறம்."

அழகமுத்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். அவர் அப்படிக் கும்பிட்டது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பட்டது.

ஏன் என்று பிற்பாடுதான் விளங்கியது. தோட்டத்தில் 'பேர் போடுவது' என்றால் கணக்கப்பிள்ளை அன்றைய வேலையை ஒருவர் கணக்கில் பதிவது. பேர் விழுந்தால் சம்பளம். பாதி நாள் என்றால் அரைப்பேர். பேரை வெட்டிவிட்டால் வேலை இல்லை, லயத்தில் குடியிருக்கக் காம்பராவும் இல்லை. பிறந்ததிலிருந்து அழகமுத்துவுக்கு அந்தச் சொல்லுக்கு அந்த ஓர் அர்த்தம்தான். யாழ்ப்பாணத்துக் குருவானவருக்கு அது தெரிய வழியில்லை. மோட்டார் வந்த பிறகு பழைய கைபிடியை ஞாபகத்துக்காக அப்படியே விட்டு, அதற்கு மேலே அழகமுத்துவின் பெயரைத் தகட்டில் போடலாம் என்று அவர் நினைத்திருந்தார். ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சந்தோஷமாகப் பிரிந்து போனார்கள்.

அழகமுத்து இலங்கைக்கு மனு எழுதினார். வேலாயி கத்தித் தீர்த்தார்.

"பேரு போட்டாச்சுன்னு ஐயா வாயால சொல்லிட்டாரு. இந்த முழங்கால வச்சுக்கிட்டு அங்க போயி எவன்கிட்ட வேல கேக்கிறது? மக கையில சோத்துக்கு நிக்கச் சொல்றியா?" என்றார் அழகமுத்து.

பெட்டி மறுபடி கட்டிலுக்கு அடியில் போயிற்று. கெடு முடிந்தது.

மோட்டார் வரவில்லை. வெளிநாட்டுச் சாமானுக்கு அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்ட காலம். வரைபடம் சுவரில் மஞ்சளடித்து, ஒரு மூலை கழன்று தொங்கியது. குழல் மட்டும் முன்னிலும் அதிகமாக முனகியது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபத்தின் நடுவிலும் அது நிற்காது. குருவானவர் பொறுமையாகக் காத்திருப்பார், சபையார் தலை குனிந்திருப்பார்கள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன்.

இராஜேஸ்வரி வீட்டாருக்கு அழைப்பு வந்தது. இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போகும் அந்த ரயிலை ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்றுதான் சொன்னார்கள். அழகமுத்துவையும் வேலாயியையும் தனியே விட மனமில்லாமல் நானும் கண்டி ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் நகர்ந்தபோது உள்ளேயும் வெளியேயும் எழுந்த ஓலத்தில் யார் குரல் யாருடையது என்று தெரியவில்லை. இராஜேஸ்வரி யன்னல் வழியாக அப்பாவின் சட்டையைப் பிடித்திருந்தாள். பிடித்த கையை அழகமுத்துவே பிரித்து விட்டார்.

மூன்று பேரும் நடந்து வந்தோம். சந்தைப் பக்கத்தில் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பேர் வெட்டும் முஹ்ஸின் நானாவின் கடை. அவர் எங்களைக் கண்டதும் எழுந்து நின்று கூப்பிட்டார்.

"அழகமுத்தண்ணே, ஒங்கட பேர வெட்டியாச்சு. காலைலதான் ஐயா ஆளனுப்பி எடுத்தாரு."

நல்ல செய்தி சொல்கிற முகம் அவருக்கு. அழகமுத்து அப்படியே தெருவில் நின்றுவிட்டார்.

"வெட்டியாச்சா?" என்றார். "ஏன் வெட்டினாங்க? நான் ஒரு நாளும் வராம இருந்ததில்லையே."

முஹ்ஸின் நானாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தகட்டில் வெட்டினேன், நல்ல தடிப்பான தகடு என்றார். நான் அழகமுத்துவின் கையைப் பிடித்து, அது வேறு, பாத்திரத்தில் வெட்டுகிற மாதிரி என்று விளக்கிக்கொண்டே கூட்டி வந்தேன். விளக்கங்களில் நான் எப்போதும் கெட்டிக்காரி.

மோட்டார் வரும்வரை உள்ளூரில் முடிந்ததைச் செய்துவைப்போம் என்று குருவானவர் நினைத்திருக்கிறார். தகட்டைக் கைபிடிக்கு மேலே சுவரில் அறைந்துவிட்டு தேவாலயத்தில் எங்களுக்காகக் காத்திருந்தார்.

"என்ன போட்டிருக்கு, டீச்சர்?" என்று கேட்டார் அழகமுத்து.

"இத்தேவாலய ஓர்கனுக்கு நெடுங்காலம் காற்றளித்த ஹேவாஹெட்ட அழகமுத்து அவர்களின் நினைவாக" என்று வாசித்தேன். கடைசி வார்த்தையை மட்டும் வேகமாக வாசித்துக் கடந்தேன்.

"அண்டைக்குச் சொன்னனான் எல்லோ, பேரைப் போடுறம் எண்டு" என்றார் குருவானவர். "சந்தோஷம்தானே?"

அழகமுத்து தகட்டை விரலால் தடவினார்.

"ஐயா அன்னைக்கிச் சொன்ன பேரு இதுதானுங்களா?"

"ஓம், இதுதான்."

"சந்தோசங்க ஐயா."

வேலாயி தகட்டைத் தொடவில்லை. ஸ்டேஷனில் அழுது காய்ந்த முகத்தோடு புருஷனைப் பார்த்தார்.

"அவ இந்நேரம் எந்த ஊரு தாண்டியிருப்பா?" என்று மட்டும் கேட்டார்.

குருவானவர் மாற்றலாகிப் போனார். வரைபடத்தைக் கறையான் தின்றது. அந்தத் திட்டத்தில் செய்து முடிக்கப்பட்டது தகடு ஒன்றுதான். அழகமுத்துவின் வேலையும் போகவில்லை, அறையும் போகவில்லை. தன் நினைவுத் தகட்டுக்குக் கீழே நின்று அவர் ஞாயிறு தவறாமல் காற்றடித்தார். இராஜேஸ்வரியை அவர்கள் பிறகு பார்க்கவில்லை. முதலில் கண்ணை மூடியவர் வேலாயி.

அழகமுத்து இறந்த வாரம் சபைக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, அந்த மனிதனுக்கு நாம் ஏதாவது செய்ய வேண்டும், ஒரு நினைவுத் தகடாவது வைக்கலாம் என்றார். ஏற்கெனவே வைத்தாயிற்று என்றேன்.