குடிக்காமல் தள்ளாடிய நாட்கள்

ஆபிரிக்கத் துறைமுகம் ஒன்றில் எங்கள் கப்பல் பழுதாகிக் கிடந்தபோது கடித்த நுளம்பு, நான் கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் வேலையைக் காட்டியது. டெங்கு என்றுதான் ஆஸ்பத்திரியில் முதலில் நினைத்தார்கள். மலேரியா என்று கண்டுபிடித்து மருந்து தந்ததும் காய்ச்சல் விட்டது, வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகுதான் கால் போயிற்று. சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. நாக்குக் குழறியது. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால் பாதி சட்டையில் சிந்தியது. இரத்தத்தில் கிருமி இல்லை, சிறுமூளைதான் பாதிக்கப்பட்டிருக்கிறது, நடையைச் சீராக வைத்திருப்பது அதுதான், கொஞ்ச நாளில் தானாகவே சரிவரும் என்றார் டொக்டர்.

மகள் பிறந்தபோது மாதாவுக்கு நேர்ந்து குடியை விட்டவன் நான். பிறகு ஒரு சொட்டும் தொட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இந்த நிலையில்தான் வெள்ளவத்தையிலிருந்து மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். ஆஸ்பத்திரியால் ஏற்கனவே தள்ளிப்போன சம்பந்தம், இன்னொரு முறை தள்ளினால் கைநழுவிப் போகும். கதிரையை விட்டு எழும்பவே கூடாதென்று மனைவி சொல்லியிருந்தாள். மாப்பிள்ளையின் தகப்பன் உள்ளே வந்ததும் மரியாதைக்கு எழும்பித் தொலைத்தேன். சரிந்து சோபாவில் விழுந்தேன். வணக்கமும் குழறியே வந்தது. அவர் தன் மனைவியைப் பார்த்தார்.

"கொஞ்சம் எடுப்பார். இண்டைக்குச் சந்தோஷத்தில கூடிட்டுது," என்றாள் என் மனைவி.

அவள் கணக்கு விளங்கியது. மூளையில் வருத்தம் என்றால் பரம்பரை நோயோ என்று பயப்படுவார்கள். குடி எந்த வீட்டில்தான் இல்லை? விளங்கியும் முகம் எரிந்தது. மகள் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். கண்ணாலேயே தடுத்துவிட்டு, "ஓம், கூடிட்டுது," என்று நானே சொன்னேன். அப்படியொரு வெட்கத்தை அதற்கு முன் நான் பட்டதில்லை.

போகும்போது அவர் என் தோளைத் தட்டினார். "கலியாணத்தண்டைக்கு மட்டும் எடுக்காம வாங்கோ. எங்கட ஆக்கள் கன பேர் வருவினம்."

டொக்டர் சொன்னபடியே கால் சரிவந்தது. மாதா கோயிலில் மகளின் கையைப் பிடித்து நேராக நடந்து போனேன். பூசை முடிந்ததும் சம்பந்தி என்னைக் கட்டிப்பிடித்து, தன் சொல்லை நான் காப்பாற்றிவிட்டேன் என்று கண்கலங்கினார். மனுஷன் நல்லவர்தான், ஆனால் தன் ஆட்கள் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார். அவர்கள் ஒவ்வொருவராக வந்து கைகொடுத்து, இனியும் தொட வேண்டாம் என்றார்கள். கூனிக்குறுகி நின்று, தொடமாட்டேன் என்று ஒவ்வொருவருக்கும் சத்தியம் செய்து கொடுத்தேன்.