கட்டன் குடித்த வெறும் வயிறு

இந்த ஊரில் ரத்தப் பரிசோதனைக்குப் போனால் வாசலிலேயே காலணிக்கு மேல் ஒரு நீலப் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொள்ள வேண்டும். ஸ்வீடனுக்கு வந்து இத்தனை வருடமாகியும் அந்த உறையோடு சரக் சரக்கென்று நடக்கும்போது, யார் வீட்டிலோ திருடப் புகுந்தவன் மாதிரித்தான் எனக்கு இருக்கும். உள்ளே பேச்சுச் சத்தமே கிடையாது. நம்மூர் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்குவதற்குள் பக்கத்தில் இருப்பவரின் மூலம் வரைக்கும் தெரிந்துவிடும். இங்கே வோர்ட்சென்ட்ரால் என்கிற அரசு மருத்துவமனைக் கூடத்தில் எல்லோரும் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். போன குளிர்காலத்தில் ஒரு நாள் காலை நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். வருடாந்திரச் சர்க்கரைப் பரிசோதனை. செவிலியர் பெயரைக் கூப்பிட்டு உள்ளே அழைத்துப் போனார். கையில் பட்டையைக் கட்டியபடி, "ஃபாஸ்தாந்தே?" என்று கேட்டார். வெறும் வயிறா என்று அர்த்தம். ஆமாம் என்றேன்.

"தண்ணீர் தவிர வேறு எதுவும் குடிக்கவில்லையே?"

"இல்லை. தேநீர் மட்டும்."

ஊசியை எடுத்த கை அப்படியே நின்றது. "சர்க்கரை போட்டா?"

"போட்டுத்தான்."

"அப்படியானால் நீங்கள் வெறும் வயிற்றோடு வரவில்லை."

"வெறும் வயிறுதான். தேநீர் மட்டும்தான் குடித்தேன்."

என் ஸ்வீடிஷ் மீது அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதே கேள்வியைக் குழந்தைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திக் கேட்டார். நானும் அதே பதிலை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். காலையில் பால் விடாமல் ஒரு கட்டன் குடித்ததை எல்லாம் ஒரு கணக்கென்று கேட்பார்களா? அவர் பட்டையை அவிழ்த்துவிட்டு, இன்னொரு நாள் வரச் சொன்னார். வெளியே வந்து பேருந்து நிறுத்தம் வரை நடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பேருந்து வந்தது, போனது. குனிந்து பார்த்தால் நீல உறையைக் கழற்றாமல் பனிக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

என்ன உறைத்தது என்று சொல்ல, என் பிழைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ஒரு சுகாதார ஆய்வாளன். போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் இறங்கினால் வருகிற தேயிலை எஸ்டேட்டுகளில் ஒன்றில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவன். இப்போது இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் தற்காலிக வேலை. எங்கள் உலகத்தில் ஒரு மனிதனின் மதிப்பு அவன் எழுதிய கட்டுரைகளை எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் ஆதாரமாகக் காட்டினார்கள் என்பதில் இருக்கிறது. அதற்கு சைட்டேஷன் என்று பெயர். எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு கட்டுரை. எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண்களின் ரத்தச் சர்க்கரையைப் பற்றியது. நாள் முழுக்க மலையில் ஏறி இறங்குகிற பெண்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை இவ்வளவு ஏறியிருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்த ஆச்சரியத்துக்காகவே கட்டுரை ஓடியது. எந்த நாட்டில் யார் அதைச் சுட்டினாலும் என் கைபேசியில் ஒரு மின்னஞ்சல் வந்து விழும். சம்பளம் வந்த செய்தியைவிட அதைத்தான் ஆசையாகத் திறப்பேன். நிரந்தர வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன், தேர்வுக் குழு கூடப் போகிறது, அவர்கள் முதலில் பார்ப்பது அந்தக் கட்டுரையைத்தான். வேலை இல்லை என்றால் இந்த நாட்டில் விசாவும் இல்லை.

ரத்தம் எடுத்த அந்தக் காலைகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. எஸ்டேட்டில் விடிந்ததும் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் நேரம். அதற்கு முன்னால் எடுத்தால்தான் உண்டு. பஞ்சு போல மூடுபனி, பல் தந்தி அடிக்கும் குளிர். என் அக்கா பேச்சிதான் வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பெண்களைக் கூட்டி வந்தாள். வந்தவர்கள் எல்லோரிடமும் நான் கேட்டேன், வெறும் வயிறா என்று. எல்லோரும் ஆமாம் என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. எங்கள் லயத்தில் கட்டன் குடிப்பது வயிற்றை நிரப்புகிற காரியம் இல்லை. கண் விழிப்பது, முகம் கழுவுவது, கட்டன் குடிப்பது. அடுப்பில் முதலில் ஏறுவது அது. சர்க்கரை தாராளமாக விழும், அந்தக் குளிருக்கு அது இல்லாமல் விரல் மடங்காது. ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த எனக்கும் அக்கா ஒரு கிளாஸ் கொண்டுவந்து கொடுத்தாள். அதை வாங்கிக் குடித்துக்கொண்டேதான் நான் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் வெறும் வயிறு என்று குறித்தேன். ஒரு வெளியூர்க்காரன் வந்திருந்தால் கட்டாயம் கேட்டிருப்பான், கையில் என்ன கிளாஸ் என்று. என் ஸ்வீடன் பேராசிரியர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நீ அந்த மண்ணின் ஆள், உனக்குத் தெரியாததா என்று கையெழுத்துப் போட்டார்.

ஒருவேளை அன்றைக்கு யாரும் குடிக்காமல் வந்திருக்கலாம் இல்லையா? முங்கிப் போகிறவனுக்குத் துரும்பும் துணை. அன்றே அக்காவுக்குப் போன் போட்டேன். இங்கே மதியம், அங்கே அவள் வேலை முடிந்து வந்து கால் நீட்டியிருக்கும் நேரம்.

"அக்கா, அன்னைக்கு ரத்தம் எடுக்க வந்தீங்கள்ல, கட்டன் குடிச்சிட்டா வந்தீங்க?"

"பின்ன? குடிக்காம எப்படிலே எந்திரிச்சு நிக்க முடியும்?"

"எல்லாருமா?"

"எல்லாருந்தான். நீ ஒண்ணும் திங்கக் கூடாதுன்ன, யாரும் திங்கல. கட்டன்லாம் வயித்துல நிக்கிற சாமானா?"

அவளே தொடர்ந்தாள். "அந்த ஷுகர் மாத்திரைய எழுதிக் குடுத்தாங்கல்ல, அத போட்டா நமக்குக் கிறுகிறுன்னு வருதுடா. போன வாரம் காட்டுல கொழுந்துச் சாக்கோட அப்படியே உக்காந்துட்டேன். கூட நின்னவளுகதான் இனிக்க இனிக்கக் கட்டன் குடுத்து எழுப்பி விட்டாளுக." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

நீங்கள் அந்தத் தேயிலைக் காட்டுச் சரிவைப் பார்த்ததில்லை. உட்காராமல் விழுந்திருந்தால் கீழே பாறை வரைக்கும் பிடிக்க எதுவும் இல்லை. நான் எடுத்த அந்த ரத்தத்தின் முடிவை வைத்துத்தான் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் அவளுக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். அவளுக்கு மட்டுமா? கூட வந்த எத்தனை பேர் அதே மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதே சரிவில் நிற்கிறார்கள்? நானாக நிறுத்தச் சொல்லவும் பயம். உண்மையிலேயே நோய் இருந்துவிட்டால்? போடிக்கு இறங்கிப் போய் அங்கே ஒரு டாக்டரைப் பார், கட்டன் விஷயத்தையும் கிறுகிறுப்பையும் ஒன்று விடாமல் சொல் என்றேன். கேரளத்துப் பக்கமே ஆஸ்பத்திரி இருந்தாலும் எங்கள் ஆட்களுக்கு வயிற்றுவலியைத் தமிழில் சொன்னால்தான் திருப்தி. அவள் ஜீப் பிடித்து, செக்போஸ்ட் தாண்டி, கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கிப் போனாள். டாக்டர் மாத்திரையை நிறுத்திவைத்து, சில வாரம் கழித்து நிஜமான வெறும் வயிற்றில் பார்ப்போம் என்றாராம்.

அந்தச் சில வாரங்களைப் பற்றித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கட்டுரை தப்பு என்று, அதை வெளியிட்ட பத்திரிகைக்கு நான் உடனே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அக்காவின் முடிவு வரட்டும் என்று எனக்கு நானே தவணை கொடுத்தேன். ஒரு ஆளை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். இருந்தும் காத்திருந்தேன். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் இருந்தவை அந்த சைட்டேஷன்கள். முன்பு ஆசையாகத் திறந்த மின்னஞ்சல் வரும்போதெல்லாம் இப்போது போனைக் கவிழ்த்து வைத்தேன். யாரோ ஒருவர், எங்கேயோ, என்னை நம்பி இன்னொரு செங்கல்லை அதன் மேல் வைக்கிறார். அலுவலகத்தில் கதவு தட்டப்பட்டால் திடுக்கிட்டேன். பேராசிரியர் தோளில் தட்டி, எண்ணிக்கை நன்றாக ஏறுகிறதே, குழுவில் கவலை இல்லை என்றார். காய்ச்சல்காரனிடம் உடம்பு நல்ல சூடாக இருக்கிறதே என்று பாராட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

பரிசோதனை அன்று நான் ஒரு வேலையும் செய்யவில்லை. சமையலறையில் போனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சர்க்கரை இல்லை என்று வந்தால் அக்காவுக்கு நல்லது, என் கட்டுரை குப்பை. இருக்கிறது என்று வந்தால் கட்டுரை தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. அப்போதுதான் கவனித்தேன். என் மனது ஒன்றை வேண்டிக்கொண்டிருந்தது. கொஞ்சமாவது இருக்கட்டும், கொஞ்சம் போதும். அது எதைக் கேட்கிறது என்று புரிந்த நொடியில் நான் பயந்த பயம் இருக்கிறதே, வேலை போகும் பயமும் விசா பயமும் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. கூடப் பிறந்தவளுக்கு நோய் வரட்டும் என்று கேட்கிற ஒருவன் எனக்குள் எப்போது குடியேறினான்? குளிர்நீரில் முகத்தைக் கழுவினேன். அவன் போகவில்லை.

போன் வந்தது. "தம்பி, ஒரு பிரஷ்னமும் இல்லன்னுட்டாரு டாக்டரு. மூணு மாசத்து ஷுகரக் காட்டுற டெஸ்ட்டு ஒண்ணு இருக்காமே, அதையும் பாத்துட்டாரு. இனி மாத்திரையே வேண்டாமாம். கேக்குதா?"

"கேக்குதுக்கா."

"சந்தோசந்தானே? பின்ன ஏன் கொரலு ஒரு மாதிரி இருக்கு?"

"குளிருக்கா இங்க."

அந்தக் குரலோடுதான், அன்றைக்கு ரத்தம் கொடுத்த எல்லோரையும் அதே டாக்டரிடம் கூட்டிப் போய் மறுபடி பார்க்கச் சொன்னேன், தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். ஐயோ, அதுக்கென்னலே, நீ நல்லதுக்குத்தான செஞ்ச என்றாள். அவள் திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும். அன்று மாலைக்குள் பத்திரிகைக்கும் பேராசிரியருக்கும் எழுதி அனுப்பினேன். அனுப்பும் பொத்தானை அழுத்திய விரல் என்னுடையது மாதிரியே இல்லை. பத்திரிகை, பரிசீலனையில் இருக்கிறது என்று ஒற்றை வரியில் பதில் போட்டது. பேராசிரியர் இப்போது என்னைக் கண்டால் தன் காபிக் கோப்பையைப் பார்க்கிறார். குழு அடுத்த மாதம் கூடுகிறது. கட்டுரை இன்னும் இணையத்தில்தான் இருக்கிறது, சைட்டேஷன் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. நான் தப்பு என்று சொன்னது அந்த எண்ணிக்கையின் காதில் விழவில்லை.

நேற்று எனக்கு மறுபடி ரத்தப் பரிசோதனை. காலையில் பழக்க தோஷத்தில் கட்டன் போட்டு, சர்க்கரையும் கலக்கிவிட்டேன். உதட்டருகே கொண்டுபோன பிறகுதான் நினைவு வந்தது. அப்படியே ஜன்னலோரத்தில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து அக்கா கூப்பிட்டாள். அங்கே காலைக் கொழுந்து எடை போடும் நேரம், பின்னால் பெண்களின் சத்தம் கேட்டது. எப்போதும் போல முதல் கேள்வி, "கட்டன் குடிச்சியா?"

"இல்லக்கா. ரத்தம் எடுக்கப் போறேன்."

"அட பாவமே, வெறும் வயித்தோடயா போற?"

வோர்ட்சென்ட்ராலில் நீல உறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். அதே செவிலியர். தேநீர்கூட இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். மிகவும் நல்லது என்று சிரித்தார். ஊசி இறங்கும்போது சட்டைப்பையில் போன் துடித்தது. யாரோ என் கட்டுரையைச் சுட்டியிருக்கிறார்கள் என்று பார்க்காமலே தெரிந்தது. வீட்டுக்கு வந்தபோது கட்டன் ஐஸாக ஆறியிருந்தது. சட்டையைக்கூட மாற்றாமல், பஞ்சு ஒட்டிய கையால் அதை எடுத்து, நின்றபடியே குடித்து முடித்தேன்.