ஏர்கோன் அறையில் முட்டைப் பெட்டி

தங்கமணி அக்கா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். கிள்ளானில் இப்படி ஒட்டி ஒட்டிக் கட்டிய பழைய தாமான் குடியிருப்புகளில், பக்கத்து வீட்டு ஏர்கோன் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதுகூட நமக்குத் தெரிந்துவிடும். அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்ததும் ஓடத் தொடங்கி, விடிந்து அக்கா வேலைக்குக் கிளம்பும்போது நிற்கும். அக்காவின் கணவர் பரமேஸ்வரன் அண்ணனுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இரவானால் உடம்பு முழுக்க அரிக்கும். அறை குளிர்ந்து கிடந்தால்தான் கொஞ்சமாவது கண் மூடுவார்.

அண்ணன் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். பேசினால் தெரு முனை வரைக்கும் கேட்கும். நோய் வந்த பிறகு குரல் சுருங்கிப் போய்விட்டது. அக்கா பள்ளி கெண்டீனில் சமைக்கப் போய்விடுவார். அண்ணன் பின்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தன் கறுப்புக் கோழியைப் பார்த்துக்கொண்டிருப்பார். கம்பத்துக் கோழி, அதாவது நாட்டுக்கோழி. அது அடையில் உட்கார்ந்த நாளிலிருந்து அவர் சாப்பாட்டைக்கூட அங்கேதான் கொண்டுவரச் சொன்னார்.

ஒரு நாள் மத்தியானம் பின்னால் ஓடும் லோங்காங் சாக்கடையிலிருந்து ஒரு பியாவாக் மேலே ஏறி வந்தது. வாலோடு அளந்தால் ஆள் நீளம் இருக்கும் உடும்பு. அண்ணன் கத்தினார். செருப்பைக் கழற்றி எறிந்தார். நாற்காலியின் கையைப் பிடித்து எழுவதற்குள் கோழியின் கழுத்து அதன் வாயில் இருந்தது. சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப் போனபோது அண்ணன் பாதி எழுந்த நிலையில் நின்றார். கூடையில் ஏழெட்டு முட்டைகள் இன்னும் சூடாக இருந்தன.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. "என் கண்ணு முன்னால கொண்டுட்டுப் போவுது. நான் உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன்," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாளும் பின்பக்கக் கதவைத் திறக்கவில்லை.

அக்கா யாரிடமோ கேட்டு ஒரு சின்ன இன்குபேட்டரைக் கொண்டுவந்தார். மூடியில் சூட்டையும் ஈரப்பதத்தையும் காட்டும் மீட்டர் இருந்தது. கூடத்தில் வைத்தால் பூனை வரும், சமையலறையில் எலி. கதவைச் சாத்த முடிந்த இடம் படுக்கையறை ஒன்றுதான். முட்டைகள் அண்ணனின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போய்ச் சேர்ந்தன.

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்ல அவர்களுக்கு ஆள் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து ஒரு தம்பி போடும் வீடியோவை அக்கா பார்த்தார். பின்னால் காய்ந்து வெடித்த தரை தெரிய, அந்தத் தம்பி, "ஈரம் குறையவே கூடாதுங்க, தட்டுல தண்ணி வத்தவே கூடாது," என்று அடித்துச் சொன்னார். அக்கா படுக்கப் போகும்போது மீட்டரைப் பார்ப்பார். ஏர்கோன் ஓடும் அறையில் ஈரப்பதம் முப்பது சதவீதத்துக்குப் பக்கத்தில் கிடக்கும். பயந்துபோய்த் தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றுவார். அடுத்த இரவும் அதே எண்தான். ஒரு துணியையும் நனைத்து உள்ளே வைத்தார்.

அண்ணன் பழையபடி கொஞ்சம் பேச ஆரம்பித்தார். "உள்ளார என்னா செய்யுதுவோ," என்பார். கோழிக்கு எந்த நாளில் அடை வைத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். அதை வைத்துக் கணக்குச் சொல்வார். "குஞ்சு வந்தா பின்னால ஒரு வலை அடிக்கணும் தங்கம். இந்தத் தடவை விட மாட்டேன்."

பொரிக்க இன்னும் கொஞ்ச நாள் இருந்தபோது அக்கா விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி வெளிச்சத்தில் முட்டைகளைப் பார்த்தார். உள்ளே உயிர் அசைந்தது. ஆனால் முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்றறை இருபது காசு நாணய அளவில்தான் இருந்தது. வீடியோவில் அது முட்டையில் கால்வாசிக்கும் மேல் இருந்தது. முட்டைக்குள் இருக்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறினால்தான் அந்த அறை பெரிதாகும். குஞ்சு முதல் மூச்சை அங்கேதான் இழுக்க வேண்டும்.

"ஈரம் கூடிப்போச்சோ?" என்றார் அக்கா. "ஆனா நான் பாக்கறப்பல்லாம் முப்பதுதானே காட்டுது?"

"முப்பதா?" அண்ணன் தலையைத் தூக்கினார். "பகல்ல எண்பத்தஞ்சு, தொண்ணூறு போவுமே."

"என்னாங்க சொல்றீங்க?"

"காலையில ஏர்கோனை அடைச்சதும் ஏறிடும். வெளியில மழை வேற. கண்ணாடியெல்லாம் வேர்த்து நிக்கும்லா."

"ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க!"

"நீதான தண்ணி ஊத்திக்கிட்டே இருந்த. ஏறினா நல்லதுன்னு நெனைச்சேன்."

அக்காவால் கோபப்படக்கூட முடியவில்லை. இரவை அவர் பார்த்தார். பகலை அண்ணன் பார்த்தார். மழைக்காலத்துக் கிள்ளான் காற்றுக்குத் தண்ணீரே வைத்திருக்க வேண்டியதில்லை. அதை இப்போது தெரிந்துகொண்டு என்ன செய்வது?

தட்டையும் துணியையும் எடுத்தார்கள். மீட்டர் இறங்க மறுத்தது. மழை விடவில்லை. கடைசியில் அண்ணனே சொன்னார்: "பகல்லயும் ஏர்கோனைப் போட்டுட்டுப் போ. காயட்டும்."

அன்றிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் நிற்கவே இல்லை. டயாலிசிஸ் முடிந்து வரும் நாளில் அண்ணனுக்கு நடுக்கம் எடுக்கும். அந்த நாளிலும் அவர் அறையை விட்டு வரவில்லை. அக்கா வீடு திரும்பியபோது தலை வரைக்கும் போர்வை, அதற்கு மேல் சுற்றிக்கொண்ட ஒரு சாரம், காலில் காலுறை என்று பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நீங்க முட்டைக்குக் காவலா, முட்டை உங்களுக்குக் காவலா?" என்று கேட்டுவிட்டு அக்கா சமையலறைக்குப் போய் அழுதாராம்.

புதன்கிழமை காலையில் ஒரு முட்டையில் விரல் நுனி அளவுக்கு ஓடு பெயர்ந்திருந்தது. உள்ளேயிருந்து சத்தம் வந்தது. மற்ற முட்டைகள் சும்மா கிடந்தன. அண்ணன் மண்டியிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்தார். அக்கா கெண்டீனுக்கு லீவு சொன்னார். சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஓட்டை மட்டும் பெரிதாகவில்லை. ஓட்டைக்குள் தெரிந்த சவ்வு காகிதம் போலக் காய்ந்து மஞ்சளாகியிருந்தது. பொரிக்கும் நேரத்தில் ஈரம் வேண்டும் என்று அந்தத் தம்பி சொன்னது அக்காவுக்கு ஞாபகம் வந்தது. இத்தனை நாள் ஊற்றியது தப்பு, காய வைத்தது சரி, இப்போது காய்ந்ததே தப்பு. வெந்நீரில் துணியை நனைத்துக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே வைக்கலாமா வேண்டாமா என்று நின்றார். பிறகு வைத்தார்.

வெளியே டயாலிசிஸ் வேன் ஹாரன் அடித்தது.

"நான் போகலை," என்றார் அண்ணன்.

"என்னாங்க, விளையாடறீங்களா? கால் வீங்கிக் கெடக்கு."

"இது வெளிய வரட்டும். நாளைக்குப் போய்க்கறேன்."

"நாளைக்கு உங்களுக்கு மெஷின் யாரு வச்சிருக்கா?"

வேன் ஓட்டும் குரு கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டான். "அண்ணே! இன்னும் ரெண்டு பேரை ஏத்தணும்லா. வாங்கண்ணே."

அண்ணன் அசையவில்லை. "அன்னிக்கும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றார். "இன்னிக்கும் விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

அக்கா பெட்டியின் மூடியைத் திறந்தார். திறக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். முட்டையை எடுத்து, நகத்தால் ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தார். சவ்வைக் கிழித்ததும் ரத்தம் கசிந்தது. அவர் நிறுத்தவில்லை. கறுப்புக் குஞ்சு, நனைந்த பஞ்சு மாதிரி, அவர் உள்ளங்கையில் சரிந்தது. வயிற்றில் மஞ்சள் கரு இன்னும் முழுதாக உள்ளே போகாமல் வெளியே தொங்கியது. வாய் திறந்து மூடியது.

"பாத்துட்டீங்கல்ல? வந்துருச்சு. மூச்சு விடுது. கிளம்புங்க."

அண்ணன் குனிந்து பார்த்தார். அந்த வயிற்றையும் பார்த்தார். சுவரைப் பிடித்து எழுந்து போய் வேனில் ஏறினார்.

வேன் போன பிறகும் அக்கா குஞ்சைக் கீழே வைக்கவில்லை. பருத்தித் துணியில் சுற்றி, பல்பு சூட்டில் கையில் ஏந்திக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்தபோது, "பேசாத பாப்பா, தூங்குது," என்றார். அது மத்தியானத்துக்கு முன்பே அடங்கிவிட்டது. அக்கா மற்ற முட்டைகளை உடைத்துப் பார்த்தார். எல்லாம் முழுதாக வளர்ந்த குஞ்சுகள். ஓடு முழுக்க நிறைந்து, நீரில் முழுகிக் கிடந்தன.

அண்ணன் வேனிலிருந்து இறங்கியபோது அக்கா கேட்டைத் திறந்துகொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. கையை அவர் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்தார். வாசலில் மூச்சு வாங்க நின்றார்.

"சேவலா, பொட்டையா?"

"அவ்ளோ சின்னதுல எப்படிங்க தெரியும்?"

"தெரியாதுதான்," என்றார் அண்ணன். செருப்பைக் கழற்றக் குனிய முடியவில்லை. அக்கா குனிந்து கழற்றிவிட்டார்.