பத்து மணி டீ

பிள்ளைகளா, அப்பா ஆரம்பத்திலிருந்தே ஆபீஸ்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியில்லை. அதற்கு முன் ஆறு வருஷம் ஹட்டன் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பரிமாறினேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் ஆபீசுக்குப் போன புதிதில் என்னால் ஒருவருக்கு வேலை போகப் பார்த்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் ஒரு மாதிரியாக இருக்கிறது.

கடை வாசல் பலகையில் அன்றைய கறிகளை எழுதுவது நான்தான். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றாலும், தமிழோ இங்கிலீசோ, என் எழுத்து குண்டுகுண்டாக இருக்கும். அக்கரப்பத்தனைப் பக்கத் தோட்டம் ஒன்றின் பெரிய கிளாக்கர் சனிக்கிழமைகளில் எங்களிடம் சாப்பிடுவார். ஒருநாள் கை கழுவி வந்தவர் பலகைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"யாரு எழுத்து?"

"நான்தாங்க."

"சாம்பார் வாளி தூக்குற கையா இது? ஆபீசுல ஒரு ஆள் வேணும். மூணு மாசம் வந்து பாரு. சரிவந்தா இரு."

வேலை செக்ரோல் எழுதுவது. அன்றைக்குத் தேயிலை மலையில் யார் யார் வேலைக்கு நின்றார்கள் என்று பெரிய புத்தகத்தில் பதிய வேண்டும். எனக்கென்று ஒரு மேசையும் நாற்காலியும் கொடுத்தார்கள். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தேன்.

பத்து மணிக்கு டீ வந்தது. கொண்டுவந்தவர் எங்கள் தபால்காரர், ஐம்பது வயதிருக்கும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி காலில் இறங்கி, நொண்டி நொண்டித்தான் நடப்பார். இனி மலையேற முடியாது என்று தோட்டத்து மேனேஜர் துரை அவரை ஆபீசில் போட்டிருந்தார். தபால் எடுத்து வருவார். மேலே இருக்கும் தேயிலை அரைக்கும் ஸ்டோரிலிருந்து டீ கொண்டுவருவார். கிளாஸ் கழுவி வைப்பார்.

எல்லோரும் குடித்து முடித்ததும் நான் எழுந்துவிட்டேன். கடைப் பழக்கம். ஐந்து விரலையும் ஐந்து கிளாசுக்குள் விட்டு ஒரே பிடியாகத் தூக்கிக்கொண்டு வெளியே தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போய்க் கழுவினேன். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. மறுநாள் டீயும் நானே ஊற்றிக் கொடுத்தேன். நொண்டுகிற மனுஷருக்கு உதவி செய்கிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

நாலாம் நாள் சின்னக் கிளாக்கர் ஒருவர் தபால்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னப்பா, ஹட்டன் ஓட்டலையே இங்க கொண்டாந்தாச்சு. இனி உனக்கு என்ன வேலை? மம்பட்டியைத் தேடி வச்சுக்க."

எல்லோரும் சிரித்தார்கள். தபால்காரரும் சிரித்தார். நானும்தான்.

அடுத்த நாள் பீலியில் கிளாஸ் கழுவும்போது தபால்காரர் பின்னாலேயே வந்தார்.

"ஐயா, கையை எடுங்க."

"இருக்கட்டும்ணே, ரெண்டு நிமிஷ வேலை."

"உங்களுக்கு ரெண்டு நிமிஷம். எனக்கு அதுதாங்க வேலையே." குரல் தணிந்திருந்தது. "நேத்து அவங்க கேலியாத்தான் சொன்னாங்க. தொரை காதுல விழுந்தா அவரும் கேலியாவா எடுத்துக்குவாரு? இந்தக் காலோட என்னை மலைக்கு ஏத்திட்டா நான் என்னங்கய்யா செய்வேன்?"

கிளாசுகளை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

மறுநாள் டீ வந்தபோது அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அது லேசில்லை, பிள்ளைகளா. ஒரு மனுஷர் காலை இழுத்து இழுத்து வந்து என் முன்னால் டீ வைக்கிறார். என் கை தானாக எழும்புகிறது. பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன ஹட்டன், இன்னைக்கு ஸ்டிரைக்கா?" என்றார் சின்னக் கிளாக்கர்.

"டீக்குத்தான் அண்ணன் இருக்காருங்களே. எனக்குச் செக்ரோல் கிடக்குது."

சொல்லிவிட்டேனே தவிர, உள்ளூரப் பயம்தான். வந்து ஒரு வாரம்கூட ஆகாதவன். பெரிய கிளாக்கர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு தபால்காரர் பக்கம் திரும்பினார்.

"நாளையிலேருந்து எனக்குச் சீனி நீயே போடு. உனக்குத்தான் என் அளவு தெரியும். இந்த ஆளு பாயாசமாக்கிடுறாரு, இல்லாட்டிக் கஷாயமாக்கிடுறாரு."

"சரிங்கய்யா," என்றார் தபால்காரர். வெளியே போகும்போது என் மேசையைத் தாண்டியவர் திரும்பி வந்து, என் கிளாசையும் எடுத்துக்கொண்டு போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பக்கம் ஒருவருமில்லை. மழை விட்டிருந்தது. ஒரு பழைய கத்தியை எடுத்துக்கொண்டு, ஸ்டோரிலிருந்து தபால்காரர் டீயோடு ஆபீசுக்கு இறங்கும் கற்படிகளின் உச்சியில் குந்தினேன். ஒவ்வொரு படியாகப் பாசியைச் சுரண்டி, மண்ணைப் போட்டுத் தேய்த்து, கீழ்ப்படிவரை இறங்கினேன்.