பேட்டரி வண்டி கஜபதி

பூந்தமல்லியைத் தாண்டி செம்பரம்பாக்கம் போகும் வழியில் இருக்கிற அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் வாசலில் கஜபதி என்று கேட்டால் யோசிப்பார்கள். பேட்டரி வண்டி கஜபதி என்று கேட்டால், வேப்பமர நிழலில் நிற்கிற வெள்ளையும் பச்சையுமான வண்டியைக் காவலாளி கைநீட்டிக் காட்டுவார். எட்டுப் பேர் உட்காரலாம். கதவு கிடையாது. ஓடும்போது சத்தமும் கிடையாது.

கஜபதி பிறந்து வளர்ந்ததெல்லாம் நூம்பலில். அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். வயல்களில் மனைக்கல் நட்ட காலத்தில் மகன் கனரக வாகன லைசென்ஸ் எடுத்துக்கொண்டார். முதலில் ஜல்லி லாரி ஓட்டினார். பிறகு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குத் தண்ணீர் லாரி. கடைசியில் இந்தப் பல்கலைக்கழகத்தின் பஸ் கிடைத்தது. ராத்திரி வீட்டில் இருப்பார், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பதில் அவர் மனைவி கமலத்துக்கு நிம்மதி. அவருக்கு ஆவடி ரூட். காலையில் ஆவடியில் கிளம்பி, பருத்திப்பட்டு, சென்னீர்குப்பம் வழியாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவார். பாட்டுப் போடச் சொன்னால் போடுவார். சத்தம் அதிகமாக வைக்கச் சொன்னால் மட்டும் மாட்டார்.

ஒரு தை மாதக் காலை. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய மண் சாலையோரம் குவிந்து கிடந்தது. பஸ்ஸின் இடப்பக்கம், அந்த மண்ணுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே இருந்த சந்தில் ஒரு பைக் நுழைந்தது. கண்ணாடியில் ஹெல்மெட் தெரிந்தது, அடுத்த நொடி தெரியவில்லை. பின்சக்கரம் எதன்மேலோ ஏறி இறங்கியதை கஜபதி இருக்கையில் உணர்ந்தார். ஒரு வேகத்தடை அளவுகூட இல்லை. ஆனால் அந்த இடத்தில் வேகத்தடை கிடையாது என்று அவருக்குத் தெரியும்.

நிறுத்திவிட்டு இறங்கினார். பையன் மண்ணில் கிடந்தான். கஜபதி பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உள்ளே பஸ்ஸில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு கான்ஸ்டபிள் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். கஜபதி குடித்தார். டீ நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று தனக்குத் தெரிந்ததைத்தான் அவரால் பிறகு மறக்க முடியவில்லை.

இறந்தவன் பெயர் செல்வகுமார். பருத்திப்பட்டுக்காரன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்தவன். சாலையோரத்து ஹார்டுவேர் கடைக் கேமராவில் எல்லாம் தெளிவாகப் பதிவாகியிருந்தது. டிரைவர் மேல் தவறில்லை என்று வழக்கு முடிந்தது. விசாரணை நாட்களில் நீதிமன்ற வராந்தா பெஞ்சில் செல்வகுமாரின் அம்மா ஒரு டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கஜபதி தூணோரம் நிற்பார். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

கஜபதி திரும்பவும் பஸ் ஓட்டப் போனார். கை நடுங்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், அவரும் எதிர்பார்த்தார். நடுங்கவில்லை. அதே சாலை, அதே திருப்பம். கியர் மாற்றினார், பிரேக் போட்டார், பிள்ளைகளை இறக்கிவிட்டார். வீட்டில் சாப்பிட்டார், தூங்கினார். கமலம் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"மன்சுல ஒண்ணும் இல்லியாய்யா உனுக்கு?"

"தெரில."

"அழுதாவது தொலையேன்."

"வரணுமில்ல."

பெற்றோர்கள் சிலர் வாட்ஸ்அப் குழுவில் அந்த டிரைவர் வேண்டாம் என்று எழுதினார்கள். அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகம் பசுமை வளாகமாக மாறிக்கொண்டிருந்தது. டீசல் வண்டி எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது என்று புது விதி வந்தது. உள்ளே ஓடப் பேட்டரி வண்டிகள் வாங்கினார்கள். போக்குவரத்து மேலாளர் ராகவன் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நாளைலேர்ந்து பஸ் வேணாம் கஜபதி. உள்ளயே பேட்டரி வண்டி பாத்துக்கங்க. சம்பளத்துல மாத்தமில்ல."

"சரி சார்."

"வருத்தம் ஒண்ணும் இல்லியே?"

கஜபதி தனக்குள் தேடிப் பார்த்தார். "இல்ல சார்" என்றார். உண்மையிலேயே இல்லை.

பஸ்ஸுக்குப் பழகிய காலுக்கு அந்த வண்டி ஒரு பொம்மை. வளாகத்துக்குள் ஹாரன் அடிக்கவும் தடை. வண்டி வருவது நடக்கிறவர்களுக்குக் கேட்காது. ஆகவே கஜபதி வாயாலேயே "வழி, வழி" என்று சொல்லிக்கொண்டு போவார். போனைப் பார்த்துக்கொண்டு நடக்கிற பிள்ளைகளுக்கு அது காதில் விழாது. அவர்கள் பின்னாலேயே நடைவேகத்தில் ஊர்ந்து போவார். அவசரம் என்று யார் சொன்னாலும் அந்த வேகத்தைக் கூட்ட மாட்டார்.

விருந்தினர் வந்தால் அவர்களுக்குப் பசுமைச் சுற்றுலா உண்டு. பசுமை வளாகத்துக்குப் பொறுப்பு அகல்யா மேடம். விருதுநகர்ப் பக்கத்துப் பெண், ஐயப்பன்தாங்கலில் ஃபிளாட் வாங்கிக் குடியிருந்தார். முன்னிருக்கையில் உட்கார்ந்து பின்பக்கம் திரும்பி, விருந்தினருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவார். வாகன நிறுத்தத்தின் கூரையெல்லாம் சூரியத் தகடு. மெஸ்ஸில் மிஞ்சுகிற சோற்றிலிருந்து எரிவாயு. நெருக்கமாக மரம் நட்டு வளர்த்த குட்டிக் காடு. கடைசியில் விடுதிக் கழிவுநீரைச் சுத்தம் செய்து விட்ட குளம். அங்கே வண்டியை நிறுத்தச் சொல்லி, "இந்தத் தண்ணியில மீன் பொழைக்குதுன்னா தண்ணி சுத்தம்னு அர்த்தம்" என்பார். விருந்தினர் இறங்கிப் படம் எடுப்பார்கள். கஜபதி இறங்க மாட்டார். ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி காத்திருப்பார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு ஜூன் மாதம், மாணவர் சேர்க்கை நாளில், ஒரு அம்மாவும் பெண்ணும் வாசலில் வண்டி ஏறினார்கள். அந்த அம்மாவின் கையில் டிபன் பை இருந்தது. கஜபதிக்கு உடனே தெரிந்துவிட்டது. நிர்வாகம் செல்வகுமாரின் தங்கைக்குக் கட்டணமில்லாமல் இடம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது அவருக்கும் தெரியும். ஆனால் அவள் தன் வண்டியிலேயே வந்து உட்காருவாள் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஆபீஸ் ரூம் எங்கப்பா கீது?"

"அதோ அந்தச் செவப்புக் கட்டடம்மா. நான் உட்டுடறேன்."

அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில், சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த கமலத்திடம் சொன்னார்.

"அந்தம்மா இன்னிக்கி நம்ப வண்டில ஏறிச்சு. பொண்ண சேக்க வந்துகீது."

கமலத்தின் கை மாவிலேயே நின்றது. "எது, பருத்திப்பட்டு அம்மாவா? உன்ன பாத்துச்சா?"

"பாத்துச்சு."

"இன்னா சொல்லுச்சு?"

"ஆபீசுக்கு வழி கேட்டுச்சு."

"வேற வேல பாத்துக்கலாம்யா. இது வாணாம்."

"ஏன்?" என்று கேட்டார் கஜபதி. கமலம் திரும்பவும் மாவைப் பிசைந்தாள். அவருக்கும் அவள் சொன்னது புரியாமல் இல்லை. ஏதாவது வந்து நெஞ்சில் மோதும் என்று சாயங்காலம் வரை காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருந்தார். ஒன்றும் வந்து மோதவில்லை.

பெண்ணின் பெயர் கவிப்பிரியா. சுற்றுச்சூழல் மன்றத்தில் சேர்ந்தாள். அடுத்த வருடம் அகல்யா மேடத்துக்கு வேலை கூடிப்போனதால், விருந்தினருக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பை அவளிடம் விட்டார். அதனால் முன்னிருக்கையில் கஜபதிக்குப் பக்கத்தில் உட்கார்கிறவள் அவள் என்றாயிற்று. மற்ற பிள்ளைகளைப் போலவே அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். மேடம் சொன்னதையே சொன்னாள், ஆனால் கையை ஆட்டமாட்டாள், சிரிக்கமாட்டாள். விருந்தினர் இல்லாத நேரத்தில் இருவரும் வெயில் பற்றியும் வண்டியின் சார்ஜ் பற்றியும் பேசுவார்கள். அதற்கு மேல் பேச்சு வளராது. தான் யாரென்று அவளுக்குத் தெரியாது என்று கஜபதி நினைத்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டுமா என்று ஒருநாளும், சொல்லக் கூடாதோ என்று இன்னொரு நாளும் நினைப்பார். இரண்டும் அவருக்கு ஒரே கனமாகத்தான் இருந்தன.

பசுமைத் தரச்சான்று கொடுக்க ஒரு குழு வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் காலை அகல்யா மேடம் போன் செய்தார்.

"அண்ணே, வண்டிய எடுத்துட்டுக் கொளத்துக்கு வாங்க. மீனெல்லாம் மெதக்குதுண்ணே."

தண்ணீருக்குள் காற்று செலுத்தும் இயந்திரம் பழுதாகி, யாரும் கவனிக்காமல் விட்டிருந்தார்கள். குளம் முழுக்க வெள்ளை வயிறு தெரிய மீன்கள் கிடந்தன. கரையில் நின்ற அகல்யா மேடத்துக்குக் கண் கலங்கியிருந்தது. மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் செத்ததை அள்ளிவிட வேண்டும், கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து வேறு மீன் வரும். தோட்டக்காரர்கள் வலை போட்டு அள்ளினார்கள். கஜபதி வண்டியின் பின்னிருக்கைகளில் பிளாஸ்டிக் விரித்தார். கூடைகளை அதில் வைத்து உரக்குழிக்குக் கொண்டுபோக வேண்டும். கவிப்பிரியா கையுறை மாட்டிக்கொண்டு கூட வந்தாள்.

உரக்குழியில் இரண்டு பேரும் கூடையைக் கவிழ்த்தார்கள். மேலே காய்ந்த இலையை அள்ளிப் போட்டார்கள். இரண்டாம் கூடையின்போது, குனிந்தபடியே அவள் சொன்னாள்.

"அந்த பஸ்ஸ ஓட்னது நீங்கதான்னு எனக்குத் தெரியும்ணா."

கஜபதி கூடையைக் கீழே வைத்தார். "எப்பலேர்ந்து?"

"மொத நாளே. அம்மா சொன்னாங்க."

"ஏம்மா ஒண்ணும் கேக்கல?"

"இன்னா கேக்கறது? கேமரால நானும் பாத்தேன். அவன்தான் பூந்தான்."

இலைகளைக் காலால் பரப்பினாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கலாமாண்ணா?" என்றாள்.

"கேளு."

"நீங்கதான பக்கத்துல இருந்தீங்க. அவன் எதுனா சொன்னானா?"

அதை அதுவரை யாரும் கேட்டதில்லை. போலீஸ் கேட்கவில்லை, வக்கீல் கேட்கவில்லை. கமலமும் கேட்கவில்லை. வேறு ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடலாமா என்று கஜபதிக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் பொய் சொல்வதற்குக்கூட உள்ளே ஏதாவது கொஞ்சம் அசைய வேண்டும்.

"ஷிஃப்டுக்கு லேட்டாவுதுன்னு சொன்னாம்மா. போன் பண்ணி சொல்லிடுங்கன்னான். நம்பர் சொல்றதுக்குள்ள..."

"வேற?"

"அவ்ளோதான்."

அவள் தலையை ஆட்டினாள். "அவனுக்கு அந்த சூப்பர்வைசர்னா பயம்" என்றாள். பிறகு, "எனக்கு அழுகையே வரலண்ணா. அம்மா ஒரு வருசம் அழுதாங்க. நான் பக்கத்துல உக்காந்துனு பாத்துனே இருந்தேன்" என்றாள்.

"எனுக்கும் இல்லம்மா" என்றார் கஜபதி.

இருவரும் கூடைகளைக் கழுவி வண்டியில் கவிழ்த்துவைத்துவிட்டு அடுத்த நடைக்குக் கிளம்பினார்கள்.

மறுநாள் குழு வந்தது. குளத்தருகே கவிப்பிரியா, "இதுல மீன் விட்டிருக்கோம்" என்று மட்டும் சொன்னாள். தண்ணீர் சுத்தம் என்கிற வரியைச் சொல்லவில்லை. அகல்யா மேடம் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார். சான்றிதழ் கிடைத்தது. எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். கஜபதி தன் பங்கை வீட்டுக்குக் கொண்டுபோனார். கவிப்பிரியா கேட்டதையும் தான் சொன்னதையும் கமலத்திடம் சொன்னபோது, அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கஜபதி அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முதுகு குலுங்குவது உள்ளங்கைக்குத் தெரிந்தது. அந்தக் குலுக்கல் அதற்குமேல் அவருக்குள் போகவில்லை.

கவிப்பிரியா இப்போது கடைசி வருடம். சாயங்காலம் டியூஷன் எடுக்கிறாள். அம்மாவுக்கு மூட்டுவலி, வீட்டு வேலையும் அவள்தான். விளக்கம் சொல்கிற வேலைக்கு ஜூனியர் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். சென்ற மாதம் ஒருநாள், வெயில் ஏறிய நேரத்தில், நூலகத்தில் விடுங்கண்ணா என்று பின்னிருக்கையில் ஏறினாள். நூலகம் வந்தபோது கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வண்டி நின்றால் காற்று நின்றுவிடும், விழித்துக்கொள்வாள். கஜபதி நிறுத்தவில்லை. விடுதி, மைதானம், சூரியத் தகடுகள், குளம் என்று சுற்றிக்கொண்டு வந்தார். திரும்பவும் சுற்றினார். சார்ஜ் முள் கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினார். குட்டிக் காட்டுக்குப் பக்கத்தில் வண்டி தானாக நின்றது.

ராகவன் போனில் கத்தினார். "கஜபதி, எங்க இருக்கீங்க? வாசல்ல கெஸ்ட் வெயிட் பண்றாங்க."

"சார்ஜ் எறங்கிடுச்சு சார்."

"காலைல ஃபுல்லா போட்டோமேய்யா."

"ஆமா சார். எறங்கிடுச்சு."

பேச்சுச் சத்தத்தில் அவள் விழித்துக்கொண்டாள். சுற்றிலும் பார்த்தாள். "இன்னாண்ணா, லைப்ரரி போகலியா? ஏன் எழுப்பல?"

"நல்லா தூங்கினு இருந்த. எழுப்பி இன்னா பண்றது?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். இறங்கியவள் நூலகத்துக்கு நடந்து போகவில்லை. வண்டியின் பின்னால் வந்து இரண்டு கையையும் வைத்தாள். கஜபதி வெளியே நின்றபடி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தோளைக் கொடுத்தார். வண்டி மெல்ல நகர்ந்தது. முன்னால் இரண்டு பெண்கள் போனைப் பார்த்துக்கொண்டு நடுவழியில் நடந்தார்கள்.

"வழி, வழி" என்றார் கஜபதி.

அவர்கள் விலகுகிற வரை இருவரும் வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டு நின்றார்கள்.