கூப்பிட்டால் வருகிறவர்கள்

துடியலூருக்கு அந்தப் பக்கம் ஒரு பருத்தி அரைவை ஆலையில், கொட்டைப் பருத்தியில் சருகு பொறுக்குகிற வேலை எனக்கு. வாய் கொஞ்சம் நீளம்; காது அதைவிட நீளம். ஆலை ஃபிட்டர் எங்கள் கொட்டகைக்கு வந்து, "பொம்பளைகளுக்குச் சட்டம் வந்திருக்குதுங்க" என்றதும் முதலில் எழுந்தவள் நான்தான். எங்கள் கொட்டகைக் கதவுச்சட்டத்தைக் கரையான் தின்று வெகுநாளாகியிருந்தது. "எப்பங்க மாட்டுவீங்க?" என்று கேட்டேன். அந்த மனிதர் சிரித்து முடிக்க நேரம் பிடித்தது.

அப்புறம் விளக்கினார். சர்க்கார் போட்ட சட்டமாம். ஆலையில் வேலை செய்கிறவள் பிள்ளை பெற்றால் ஓய்வும் கொஞ்சம் கைக்காசும் உண்டு. அதைச் சாக்காக வைத்து வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. என் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்குகிறவளுக்கு அப்போது ஏழாம் மாதம். ஆனைமலைத் தோட்ட வேலைக்குப் போன புருஷன் திரும்பவே இல்லை. இந்த வேலையும் போனால் அவள் வீட்டில் உலை ஏறாது. மேஸ்திரிக்குத் தெரியாமலிருக்கச் சேலையைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு வருவாள்.

இது நமக்கும் உண்டா? தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மறுநாள் மேஸ்திரியிடமே கேட்டேன்.

"அதெல்லாம் ஆலை ஆளுகளுக்கு அம்மிணி. நீங்கெல்லாம் கூப்பிட்டா வாரவங்க."

தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே நிற்போம். அவர் கைகாட்டுகிறவர்கள் உள்ளே போவோம். வருஷக்கணக்காக அதே முகங்கள்தான். ஆனாலும் ஒவ்வொரு காலையும் நாங்கள் புது ஆட்களாம்! ஒரு கையசைப்பில் இவ்வளவு சூட்சுமமா? கோபத்தைவிட ஆச்சரியம்தான் எனக்கு அதிகம். எவன் உட்கார்ந்து யோசித்தானோ!

சட்டம் என்ற பேச்சு அடிபட்டதுமே, எங்களுக்கும் காசு கொடுக்கவேண்டி வந்துவிடுமோ என்று மேஸ்திரிக்குப் பயம் வந்துவிட்டது. கொட்டகைக்குள் வந்து ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். என் பக்கத்தில் இருந்தவளின் வயிறு கண்ணில் பட்டது.

"உன்னைய வேலைய உட்டு நிறுத்திப்போட்டேன். நாளைக்கு வராதே."

அவள் எழுந்திருக்கவில்லை. பணிவாகத்தான் கேட்டாள்.

"ஏனுங்க, நாந்தான் ஆலை ஆளே இல்லீங்களே. இல்லாத ஆளை எப்படீங்க நிறுத்துவீங்க?"

கொட்டகையே சிரித்தது. மேஸ்திரி ஆபீசுப் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் காலை கேட்டில் அவர் கை தூக்குவதற்கு நாங்கள் காத்திருக்கவில்லை. அவளை முன்னால் விட்டு, எல்லோரும் உள்ளே நடந்தோம்.