பாதியில் நிறுத்தச் சொன்ன ரோஸம்மா அக்கா

செய்தி வந்தபோது நான் முறத்தில் ஏலக்காய் புடைத்துக்கொண்டிருந்தேன். மலைமேல் மெட்டிலிருந்து ஏலக்காய் லோடு இறக்க வந்த ஜீப்பு டிரைவர் கூடத்து வாசலில் நின்று, "பேச்சி, ரோஸம்மா அக்கா போயிட்டாக. காலையில காப்பி போட்டுக்கிட்டு இருந்தவுக அப்படியே உக்காந்துட்டாகளாம்" என்றார். "சரிண்ணே" என்றேன். அதெல்லாம் ஒரு பதிலா? மீதிக் காயையும் புடைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அழுகை வரவில்லை. இதை எழுதும் இந்த நேரம்வரை வரவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். போடிநாயக்கனூரில் ஏலக்காய் பொறுக்கும் கூடம் ஒன்றில், எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து எனக்கு எதிரே அமர்ந்து வேலை பார்த்தவர் ரோஸம்மா. மலைமேல் எஸ்டேட்டில் பிறந்து, காய் எடுத்து வளர்ந்து, கல்யாணமாகிக் கீழே வந்தவர். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். வாயாடி. மேஸ்திரியைப்போலப் பேசிக் காட்டி எங்களைச் சிரிக்கவைப்பார். மேஸ்திரி வந்ததும் ஒன்றும் தெரியாதவர்போலக் குனிந்துகொள்வார். மதியச் சோற்றுக்குப் பிறகு பையிலிருந்து வேதப்புத்தகத்தை எடுத்துக் கொஞ்சம் படிப்பார். யாரையும் பிடித்து உட்காரவைத்துப் பிரசங்கம் செய்ததில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து, என் கணவர் ஓட்டிய ஜீப்பு மெட்டுச் சாலையில் கவிழ்ந்தது. முதுகெலும்பு போயிற்று. ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். எங்கள் ஊரான சிலமலையில் கட்டிலோடு கிடந்தார். எங்கள் சாமிகளுக்கெல்லாம் நேர்ந்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது அக்காவின் சாமிதான். புத்தகத்தைக் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தார்.

எனக்குத் தெரிந்த படிப்பு ஒன்றுதான். புரட்டாசியில் என் மாமனார் பாராயணம் செய்வார். குளித்து, ஈரத்துணியோடு விளக்கேற்றி, முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கத்தில்தான் முடிப்பார். நடுவில் நிறுத்தினால் குடும்பத்துக்கு ஆகாது. நானும் அப்படியே ஆரம்பித்தேன். கடைசிப் பக்கம் முடியும்போது அவர் எழுந்து உட்கார வேண்டும் என்பது வேண்டுதல். அன்றைய பங்கைப் படிக்காமல் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. தொடக்கம் நன்றாகத்தான் போயிற்று. உலகம் உண்டானது, வெள்ளம் வந்தது, அண்ணன் தம்பி அடித்துக்கொண்டார்கள். நம் வீட்டுக் கதை மாதிரி ஓடியது. பிறகு கூடாரத்துத் திரைச்சீலையின் நீளம், எந்த ஆட்டை எப்படிப் பலியிடுவது, யாருக்கு யார் பிள்ளை என்று வந்துகொண்டே இருந்தது. ஒரு எழவும் புரியவில்லை. விட்டால் தாலி போய்விடுமே என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு படித்தேன்.

ஒரு மத்தியானம் கூடத்திலேயே மயங்கிச் சாய்ந்தேன். அக்கா தண்ணீர் தெளித்து உலுக்கினார். விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"எந்தா பேச்சி இது! பட்டினி கெடந்து படிக்கணும்னு ஒனக்கு எவ சொன்னா? அந்தப் பக்கமெல்லாம் எனக்கே முழுசாப் புரிஞ்சதில்ல."

"பாதியில விடக்கூடாதுல்லக்கா?"

"மலையில காய் எடுக்கப் போனா மொத எடுப்புலயே செடிய மொட்டையடிச்சுட்டா வர்றோம்? முத்துனத எடுக்குறோம், பிஞ்ச விட்டுட்டு வர்றோம். அடுத்த எடுப்புக்கு அதுவும் முத்திரும். பிஞ்சப் புடுங்கிட்டு வந்தா காயவைக்கையில சுருங்கித்தான் போகும். இன்னைக்குப் புரியுறத எடு. மத்தது எங்க ஓடிப்போகுது?"

"நிறுத்தி, அவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

அக்கா தன் தூக்குச்சட்டியைத் திறந்து என் முன்னால் வைத்தார். பிறகு, "ஆயிட்டா, அந்தப் பழி எனக்கு. ரோஸம்மாதான் நிறுத்தச் சொன்னான்னு ஒன் சாமிகிட்டயும் சொல்லு, என் சாமிகிட்டயும் சொல்லு. இப்பச் சோத்தத் தின்னு" என்றார். தின்றேன். மாமியார் கேட்டபோது, அக்காதான் நிறுத்தச் சொன்னதாகச் சொன்னேன்.

மறுநாள் புத்தகத்தின் பின்பகுதியைத் திறந்து, சுவிசேஷங்களில் சின்னதான மாற்குவைக் காட்டினார். ஒரு தடவைக்கு ஒரு கதை போதும் என்றார். வாய்விட்டுப் படிக்க வேண்டும், யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று பார்க்க வேண்டும், பக்கத்தில் நிற்கிறவர்களின் முகத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மனசில் தோன்றுவதைக் கேட்டுவிட வேண்டும். கை கால் விழுந்த ஒருவனை நாலு பேர் படுக்கையோடு தூக்கிவந்து, கூட்டத்தில் நுழைய முடியாமல், கூரையைப் பிரித்து உள்ளே இறக்கிய கதை வந்தது.

"ஏக்கா, அந்தக் கூரைய அப்புறம் யாரு வேய்ஞ்சு குடுத்தா?"

அக்காவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. "இத்தன வருசம் படிக்கிறேன், எனக்குத் தோணலையேடி! அந்த வீட்டுக்காரி என்ன பாடு பட்டாளோ! இப்படித்தான் படிக்கணும், கேளு, இன்னும் கேளு."

சாயங்காலம் என் கணவருக்கு அந்தக் கதையைச் சொன்னேன். "தூக்கிட்டுப் போக நாலு பேரு இருந்தானுகள்ல, குடுத்துவச்சவன்" என்றார். அடிபட்ட பிறகு அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. அதிலிருந்து நான் வீட்டுக்குள் நுழையும்போதே, "இன்னைக்கு என்ன கதை?" என்று கேட்பார். ஐப்பசி மழைவரை கேட்டார். அந்த மழையில் இறந்துபோனார்.

காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று, மாமியாரும் பின்னாலேயே கூடத்துக்கு வந்துவிட்டார். "நீதானடி படிப்ப நிறுத்தச் சொன்ன? எம் புள்ளயக் கொன்னுட்டேல்ல?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். டாக்டர் முன்பே கைவிட்டதைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அக்கா என் கையை அழுத்திப் பிடித்தார்.

"ஆமாத்தா, நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றார்.

மாமியார் போன பிறகு அக்கா என்னிடம் சொன்னார்: "விடு பேச்சி. பெத்தவளுக்குக் கோவப்பட ஒரு ஆளு வேணும். சாமியப் போயி உலுக்க முடியுமா? நான்தான கைக்கெட்டுற தூரத்துல இருக்கேன்."

ஊரிலும் அந்தப் பேச்சு பரவியது. சிலமலைப் பஸ்சில் அக்கா ஏறினால் பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தவர்கள் உண்டு. நான் எத்தனையோ பேரிடம் டாக்டர் சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன், கேட்டுக்கொண்டார்கள், நம்பவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அக்கா மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். வெகுகாலம் கழித்து நானாகவே கேட்டேன்: "சாமியத் திட்டணும்போல இருக்கு. அதுக்கு ஒங்க புத்தகத்துல எடம் இருக்கா?"

"நெறையக் கெடக்கு" என்று சங்கீதங்களைத் திறந்து கொடுத்தார். அழுது, சண்டை பிடித்து, காது கேட்கிறதா இல்லையா என்ற தினுசில் மனிதர்கள் கடவுளைக் கேட்டிருந்தார்கள். எனக்கு அது வேண்டியிருந்தது. நான் மதம் மாறவில்லை. அவர் மாறச் சொன்னதும் இல்லை.

எங்களில் பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை. அக்காவின் அடக்கத்துக்கு நான் போனேன். பெட்டியைக் குழிக்குள் இறக்கிய பிறகு நிமிர்ந்து பார்த்தால், கல்லறைத் தோட்டத்து வாசலில் என் மாமியார் நிற்கிறார். கண் சரியாகத் தெரியாது. சிலமலையிலிருந்து தனியாகப் பஸ்சேறி வந்திருக்கிறார். இங்கேயும் சண்டையா என்று தடுக்க நகர்ந்தேன். விடுவிடுவென்று குழியோரம் வந்து, மற்றவர்களைப்போல ஒரு பிடி மண் அள்ளினார். உடனே போடவில்லை.

"ரோஸம்மா, எம் மகன் சாவ ஒன் தலையில ஏத்திவிட்டேன். இல்லைன்னு நீ ஒரு வார்த்த சொல்லல. அத நான் எறக்கிக்கிறேன் தாயி. பாரமில்லாமப் போ."

மண்ணைப் போட்டுவிட்டுத் தடுமாறினார். பிடித்துக்கொண்டேன். அவர் அழுதார், எனக்கு அப்போதும் வரவில்லை. அவரைத் தாங்கிக்கொண்டே என் பங்கு மண்ணையும் போட்டேன்.

அக்கா, எங்கள் வீட்டுச் சாவு இனி உங்கள் மேல் இல்லை. நிம்மதியாகப் படுத்துக்கொள்ளுங்கள்.